மூன்றாம் ஓலையும் பாடாத ரேடியோவும்

அம்மா நீட்டிய செபமாலையின் குருசைத் தொட்டு, "மாப்பிள்ளை வீட்டார்கிட்ட இதப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன்" என்று அமலராணி சத்தியம் செய்தாளே, அங்கேதான் போன வாரம் அவளை விட்டுவிட்டு வந்தோம். சத்தியம் செய்தவள் எப்படி வாய் திறந்தாள் என்பதுதான் இந்த வாரத்துக் கதை.

நடுவில் வந்து சேர்ந்தவர்கள் முழிக்க வேண்டாம். விஷயம் இவ்வளவுதான்.

ஆவூர்ப் பக்கம் சூசைப்பட்டியில் சந்தனராஜ் வீட்டை யாரும் சந்தனராஜ் வீடு என்று சொல்வதில்லை. 'ரேடியோ வீடு' என்றுதான் சொல்வார்கள். ஐம்பத்திரண்டில் கடலை நல்ல விலைக்குப் போன தெம்பில் அவர் திருச்சிக்குப் போய், பேட்டரியில் பாடுகிற ரேடியோ ஒன்றை வாங்கி வந்தார். ஓட்டுக்கு மேலே இரண்டு மூங்கில் நட்டு ஏரியல் கம்பி இழுத்தார். பொழுது சாய்ந்தால் பாதி ஊர் அவர் வாசலில் உட்கார்ந்திருக்கும். செய்தி வாசிக்கும்போது யாராவது இருமினால் சந்தனராஜ் திரும்பி முறைப்பார். செய்தியை வாசிப்பதே தாம்தான் என்கிற மாதிரி இருக்கும் அந்த முறைப்பு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி மழையில் விழுந்த இடி, அந்தக் கம்பி வழியாகவே வீட்டுக்குள் இறங்கியது. மனிதர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரேடியோ போய்விட்டது. புதுக்கோட்டையில் ரிப்பேர் பார்க்கிறவர் பின்பக்கத்து அட்டையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பெட்டி மட்டும் பெட்டியா இருக்குங்க. உள்ள அம்புட்டும் கரி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சந்தனராஜ் ஊருக்கு வந்து, "பேட்டரி கிடைக்கலப்பா" என்றார். ஊரும் கொஞ்ச நாள் கேட்டுப் பார்த்துவிட்டுக் கேட்பதை விட்டுவிட்டது. ரேடியோ மட்டும் கூடத்து ஸ்டாண்டில், அமலராணியின் அம்மா அந்தோணிமேரி பின்னிய பூத்துணிக்கு அடியில், கோயில் சுரூபம் மாதிரி உட்கார்ந்திருந்தது.

இப்போது அமலராணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மரியசெல்வம், புதுக்கோட்டையில் பஸ் கண்டக்டர். ஊர் இலுப்பூருக்கு அங்கிட்டு. அவனுடைய அப்பா ஆரோக்கியமுத்து நகை நட்டில் கறார் பேசவில்லை. "அந்த ரேடியோவ மட்டும் சீரோட சேத்து அனுப்பிருங்க மச்சான்" என்றார். நம் சந்தனராஜ் இடி விழுந்த கதையைச் சொல்லியிருக்க வேண்டாமோ? சொல்லவில்லை. பெருந்தன்மையோடு தலையாட்டிவிட்டு, மறுநாளே பெட்டியைத் தச்சரிடம் தூக்கிக்கொண்டுபோய் வார்னிஷ் அடித்து, உடைந்த திருகுக்குப் புதுத் திருகு போட்டுக் கொண்டுவந்தார். வீட்டில் கிடக்கும் செத்த சாமானும் ஒழிந்தது, சீரும் ஆச்சு என்பது அவர் கணக்கு.

மகள் எதிர்த்துக் கேட்டபோது, "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு பெரியவுங்க சொல்லிருக்காங்க" என்றார்.

"ஆயிரத்துல இது எத்தனாவதுப்பா?" என்றாள் அமலராணி.

அதன் பிறகுதான் செபமாலையும் சத்தியமும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. கோயிலில் மூன்றாம் ஓலை வாசிக்கிற நாள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை, இன்னாருடைய மகளுக்கும் இன்னாருடைய மகனுக்கும் கல்யாணம் என்று சாமியார் பூசையில் வாசிப்பார். மூன்றாம் ஓலைக்கு மாப்பிள்ளையின் அப்பா அம்மா பெண் ஊர்க் கோயிலுக்கு வந்து, பூசை கண்டு, பெண் வீட்டில் கை நனைத்துவிட்டுப் போவது அந்தப் பக்கத்து வழக்கம். பெண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் தங்கள் ஓலையைத் தங்கள் காதால் கேட்கக் கூடாதாம். கேட்டால் ஆகாதாம்.

அமலராணி முழுகிவிட்டு, தலையை உதறி முடிந்துகொண்டு, முக்காட்டுத் துணியை எடுத்தாள்.

"எங்கடி கெளம்புற?" என்றாள் அந்தோணிமேரி.

"பூசைக்கு."

"இன்னைக்கு ஓலைடி. நீ வரக் கூடாது. போன ரெண்டு வாரமும் வீட்டுலதான இருந்த?"

"ரெண்டு ஞாயித்துக்கெழமை பூசை காணலம்மா. அதுக்கே என்ன சொல்லப் போறேன்னு தெரியல. மூணாவதும் விட்டா சாவான பாவமில்லையா? ஓலை கேட்டா ஆகாதுன்னு ஊருதான் சொல்லுது. பூசை காணாட்டி நரகம்னு சாமியார் சொல்றாரு. யார் சொல்றதக் கேக்கட்டும்?"

அந்தோணிமேரி வழக்கத்துக்குப் பயந்தவள்தான். நரகத்துக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பயந்தவள். "தூணுக்குப் பின்னால ஒக்காந்துக்க. முக்காட்ட எடுக்காத" என்று விட்டுவிட்டாள். பாவம், மகள் முகத்தை ஒரு தரம் சரியாகப் பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டாள்.

கோயில் நிறைந்து கிடந்தது. இடது பக்கம் பெண்கள், வலது பக்கம் ஆண்கள். ஆண்கள் பக்கத்தில் முன் வரிசையில் சந்தனராஜும் ஆரோக்கியமுத்துவும் தோளோடு தோள் சேர்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஆரோக்கியமுத்து உருமாலையை மடியில் வைத்துக்கொண்டு, வந்த ஊரைப் பார்வையிடுகிறவர் மாதிரி நாலு பக்கமும் பார்த்தார். அவருடைய மனைவி சவரியம்மாள் பெண்கள் பக்கத்தில் தலையைக் குனிந்தபடி இருந்தாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கும் அந்த அம்மாள் இப்படித்தான். வாயில் நாக்கு இருக்கிறதா என்று சந்தேகம் வரும்.

அமலராணி தூணுக்குப் பின்னால் முழந்தாளிட்டாள்.

அவளுக்கு இந்தக் கல்யாணம் வேண்டும். அதை ஒளிக்க என்ன இருக்கிறது? பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாம் சமைப்பாயா, தைப்பாயா என்று கேட்டார்கள். மரியசெல்வம் மட்டும்தான் அத்தனை பெரியவர்களுக்கு நடுவில் தலையைத் தூக்கி, "ஒங்களுக்குச் சம்மதமா? இல்லேன்னா இப்பவே சொல்லிருங்க, நான் கோவப்பட மாட்டேன்" என்றான். அப்படிக் கேட்டவன் வீட்டுக்கு ஒரு கரிப் பெட்டியைச் சீரென்று தூக்கிக்கொண்டு போவதா? போன மறுநாளே திருகைத் திருப்பிப் பார்ப்பார்கள். அப்புறம் சாகிற வரைக்கும் அவள் பெயர் 'ஊமை ரேடியோ கொண்டாந்தவ' என்றுதான் இருக்கும். மற்றவர்கள் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். அவன் சொல்லிவிடக் கூடாது. அவன் சொல்லாமல் மனசுக்குள் நினைத்தால் அது இன்னும் மோசம்.

வருகிற புதன்கிழமை கல்யாணம். இன்றைக்கு விட்டால் வாய்ப்பு இல்லை. ஆனால் குருசைத் தொட்டுச் செய்த சத்தியம் இருக்கிறதே!

பிரசங்கம் முடிந்தது. சாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை எடுத்தார்.

"இந்தப் பங்கைச் சேர்ந்த சந்தனராஜ், அந்தோணிமேரி இவர்களுடைய குமாரத்தி அமலராணிக்கும், ஆரோக்கியமுத்து, சவரியம்மாள் இவர்களுடைய குமாரன் மரியசெல்வத்துக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது. இது மூன்றாம் ஓலை. இவர்களுடைய விவாகத்துக்கு விக்கினம் ஏதேனும் உண்டென்று அறிந்தவர்கள் அதைப் பங்குச் சாமியாரிடம் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

எத்தனையோ வருஷமாக அந்தக் கோயிலில் இந்த வாசகம் படிக்கப்பட்டு வருகிறது. படித்து முடித்ததும் சாமியார் தாளை மடிப்பார், ஜனங்கள் எழுந்து நிற்பார்கள். விக்கினம் என்றால் தடை என்று முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதற்கென்று வாய் திறந்தது கிடையாது.

"சாமி, விக்கினம் ஒண்ணு இருக்கு."

சாமியார் தாளை மடிக்கிறதை நிறுத்தினார். தூணுக்குப் பின்னாலிருந்து அமலராணி எழுந்து நின்றிருந்தாள்.

கோயிலே திரும்பியது. அந்தோணிமேரி நெஞ்சில் கையை வைத்தவள் வைத்தபடி இருந்தாள். கல்யாணப் பெண்ணே எழுந்து விக்கினம் என்றால் ஊர் என்ன நினைக்கும்? என்ன நினைக்குமோ அதைத்தான் நினைத்தது. எவன் அவன் என்று ஆண்கள் பக்கத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பூசை முடிஞ்சதும் என் அறைக்கு வாம்மா. அங்க பேசுவோம்" என்றார் சாமியார் தணிந்த குரலில்.

"இல்லைங்க சாமி. இங்கயே சொல்லிப்புடுறேன். அங்க வந்து சொன்னா, நான் வெளிய வர்றதுக்குள்ள ஊரு ஆளுக்கொரு பயலச் சேத்து வச்சுப் பேசிப்புடும்." அவள் குரல் கடைசி வரிசை வரை கேட்டது. "எங்க வீட்டு ரேடியோ பாடாது சாமி. இடி விழுந்து மூணு வருசமாச்சு. உள்ள எல்லாம் கரி. அதப் பாடுற ரேடியோன்னு சீரோட சேத்து அனுப்பப் போறாங்க."

ஆண்கள் பக்கத்தில் பின்னால் யாரோ 'க்ளுக்' என்றார்கள். அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிக் கோயில் முழுக்கப் பரவியது. மூன்று வருஷமாகப் பேட்டரிக்குக் காத்திருந்த ஊர் அல்லவா!

சாமியார் கையைத் தூக்கினார். சிரிப்பு அடங்கியது.

"ரேடியோ பாடாதது திருச்சபைச் சட்டப்படி விக்கினம் ஆகாது. உட்காரு" என்றார். தாளை மடித்து வைத்துவிட்டு, பீடத்துக்குத் திரும்பப் போனவர் நின்றார். "ஆனா பொய் சொல்றது பாவம். இது யாருக்குப் பொருந்துமோ அவங்க பாவசங்கீர்த்தனத்துக்கு வரலாம்."

முன் வரிசையில் தோளோடு தோள் சேர்த்து உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் நிமிரவே இல்லை. ஒருவர் நிமிராததற்குக் காரணம் ஊருக்குத் தெரியும். மற்றவர் ஏன் நிமிரவில்லை என்று அமலராணிக்கு அப்போது விளங்கவில்லை.

வீடு வந்து அடுப்படிக்குள் நுழைந்ததும் அந்தோணிமேரி மகளின் கையைப் பிடித்து முறுக்கினாள்.

"குருசத் தொட்டுச் சத்தியம் பண்ணினியேடி, பாவி!"

"மாப்பிள்ளை வீட்டார்கிட்ட சொல்ல மாட்டேன்னுதான பண்ணினேன்? அவங்ககிட்டயா சொன்னேன்? சாமியார்கிட்டல்ல சொன்னேன். விக்கினம் தெரிஞ்சா சொல்லணும்னு அவருதான கேட்டாரு?"

அந்தோணிமேரி கையை விட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா வேறு எதுவுமா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் வந்தது.

மாப்பிள்ளை வீட்டார் கோயிலிலிருந்தே வண்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். போகவில்லை. ஆரோக்கியமுத்து வந்தார். கூடத்து பெஞ்சில், ரேடியோவுக்கு எதிரே உட்கார்ந்தார். சவரியம்மாள் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டாள். சந்தனராஜ் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் நின்றார். தன் வீட்டுக் கூடத்தில் அவர் இப்படி நின்று அமலராணி பார்த்ததில்லை. பார்க்கவும் சகிக்கவில்லை.

"மச்சான், நான் ஒங்களை ஏமாத்தணும்னு..." என்று ஆரம்பித்தார் சந்தனராஜ்.

"யாரு யாரை ஏமாத்துனா?" என்றார் ஆரோக்கியமுத்து எரிச்சலாக. "அது பாடாதுன்னு பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்யா. மூங்கில் இருக்கு, கம்பியக் காணோம். பூத்துணிய லேசாத் தூக்கிப் பாத்தேன், பாடுற எடத்துல குளவி மண்ணப் பூசி வச்சிருக்கு. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

சந்தனராஜின் துண்டு தரையில் விழுந்தது. "தெரிஞ்சுமா கேட்டீங்க?"

"பின்ன? ரேடியோ வீட்டுப் பொண்ணக் கட்டுறோம்னு எங்க ஊர்ல சொல்லியாச்சு. ரெண்டு மூங்கில் நட்டுக் கம்பியும் இழுத்தாச்சு. பேட்டரி வரலை, பேட்டரி வரலைன்னு நானும் ஒரு மூணு வருசம் ஓட்டிருப்பேன். நீங்க ஓட்டலையா?"

அடுப்படி நிலைப்படியில் நின்றிருந்த அமலராணி இதைக் கேட்டாள். ஒரு ஆள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். சோறு தின்ன வந்தவரும் அது தெரிந்துதான் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்! இரண்டு பெரிய மனிதர்களும் கண்ணாலேயே பேசி முடித்துக்கொண்ட பேரம். நடுவில் சுமக்கப் போகிறவள் அவள். நேற்று வரை அப்பா மேல் வெறும் வருத்தம்தான். இப்போது இரண்டு பேர் மேலும் கோபம் தலைக்கு ஏறியது.

"எனக்குத் தெரியும், ஒங்களுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. நல்லாத்தான போய்க்கிட்டிருந்துச்சு?" ஆரோக்கியமுத்து தொடையில் தட்டினார். "ஒம்ம மக இல்ல எந்திரிச்சுத் தமுக்கடிச்சுப்புட்டா! எங்க ஊர்ல இருந்து நாலு பேரு கோயில்ல இருந்தாங்க. சாயங்காலத்துக்குள்ள இலுப்பூர் வரைக்கும் போயிரும். இனி இந்தப் பெட்டியக் கொண்டுபோய் வச்சா எங்க ஊரு நாய் கூட மதிக்காது."

"இப்ப என்ன செய்யச் சொல்றீங்க?"

"பாடுற ரேடியோவா ஒண்ணு வாங்கிருங்க. புதன்கிழமை பெட்டி பொண்ணோட எறங்கணும். எறங்குனா கல்யாணம்."

"இல்லேன்னா?"

"இல்லேன்னா நீங்களே யோசிச்சுக்கங்க."

சந்தனராஜ் குனிந்து துண்டை எடுத்தார். "வடக்குக் கொல்லைய ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருக்காரு. நாளைக்கே பேசி..."

"ஐயோ, வடக்குக் கொல்லையா!" என்றாள் அந்தோணிமேரி உள்ளேயிருந்து. அந்த வீட்டில் கிணற்றுத் தண்ணீர் பாய்கிற ஒரே நிலம் அது. அது போனால் வானம் பார்த்த கடலைக் காடுதான் மிச்சம்.

அப்போதுதான் தெருவில் குரல் கேட்டது. "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழோம்!"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனம் வீட்டில் இருக்கும் என்று கணக்குப் பார்த்து வருகிறவர் அய்யாக்கண்ணு. தலையில் பழக் கூடை, தோளில் சாக்கு. ஓட்டைச் சொம்பு, உடைந்த ஏர்க் கொழு, துருப்பிடித்த தகரம் எது கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு பழம் நிறுத்துப் போடுவார்.

அமலராணி கூடத்துக்கு வந்தாள். இரண்டு ஆண்களுக்கும் நடுவில் நடந்துபோய், ரேடியோ மேலிருந்த பூத்துணியை எடுத்து நாலாக மடித்து, நிலைப்படியில் நின்ற அம்மாவின் கையில் கொடுத்தாள். பிறகு பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினாள். கனத்தது. இடுப்பில் முட்டுக்கொடுத்துக்கொண்டாள்.

"ஏய்! எங்க தூக்கிட்டுப் போற?" சந்தனராஜ் ஓடிவந்து வாசற்படியை மறித்தார்.

"வெளிய. வழிய விடுங்கப்பா. இடி விழுந்தன்னைக்கே போயிருக்க வேண்டியது."

"என் வீட்டுச் சாமான்டி அது! நான் சம்பாதிச்சு வாங்குனது!"

"சீராக் குடுத்துட்டீங்கல்ல? சீர் யாருக்கு? எனக்கு. அப்ப இது என் சாமான்." அவள் திரும்பி ஆரோக்கியமுத்துவைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க மாமா. தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. நீங்க பல்லும் பாத்துட்டுத்தான கேட்டு வாங்குனீங்க? என் சீருதான இது?"

ஆரோக்கியமுத்து மீசையை நீவினார். ஆமென்றாலும் வம்பு, இல்லையென்றாலும் வம்பு. சுவரோரத்திலிருந்து "ஆமா" என்று ஒரு குரல் வந்தது. சவரியம்மாள்! புருஷன் திரும்பி முறைத்ததும் அந்த அம்மாள் மறுபடி தலையைக் குனிந்துகொண்டாள்.

சந்தனராஜ் மகளின் முகத்தைப் பார்த்தார். கை வாசற்காலிலிருந்து தானாக இறங்கியது.

அவள் வாசலில் பெட்டியை இறக்கிவைத்தபோது தெருவே கூடிவிட்டது. கோயிலில் பார்த்ததற்கு மேல் இங்கே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் யாருக்குச் சோறு இறங்கும்? அய்யாக்கண்ணு குத்துக்காலிட்டு உட்கார்ந்து தட்டிப் பார்த்தார்.

"மரம் எனக்கு ஆகாது ஆத்தா. உள்ள உள்ளத எடுத்துக்கிறேன்."

"எடுங்கண்ணே."

பின்பக்கத்து அட்டையை அவர் நெம்பினார். மூன்று வருஷத்துக் கரிவாடை வந்தது. குளவிக்கூடு உதிர்ந்தது. பல்லி முட்டை ஓடுகள் கொட்டின. வெடித்துக் கறுத்த பல்புகளைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். தகரத் தட்டு, செம்புக் கம்பிச் சுருள், கடைசியில் ஒலி வருகிற இடத்திலிருந்து ஒரு கனத்த காந்தம். அதைத் தராசுப் பக்கம் கொண்டுபோனாரோ இல்லையோ, 'டக்' என்று அவருடைய படிக்கல் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. பிய்க்கப் பிய்க்க வரவில்லை. கூட்டம் சிரித்தது.

"சாகலப்பா, சந்தனராஜ் ரேடியோ இன்னும் உசுரோடதான் இருக்கு!" என்றான் பக்கத்து வீட்டு ராக்கன்.

சந்தனராஜ் வாசற்படியிலேயே நின்றிருந்தார். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. செம்புக் கம்பி சாக்குக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமலராணிக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதற்காகக் கையை நிறுத்தவில்லை.

அய்யாக்கண்ணு பழத்தை நிறுத்து முறத்தில் கொட்டினார்.

"இன்னும் போடுங்க."

"இரும்புக்கு இம்புட்டுத்தான் ஆத்தா கட்டும்."

"இது சும்மா இரும்பு இல்லண்ணே. மூணு வருசம் ஒரு ஊரையே ஏமாத்துன இரும்பு. போடுங்க."

கூட்டத்தின் சிரிப்பில் அய்யாக்கண்ணுவும் சிரித்துவிட்டு இன்னொரு கை அள்ளிப் போட்டார். காலிப் பெட்டியை அந்தோணிமேரி வந்து தூக்கிக்கொண்டாள். எல்லாரும் கேட்கும்படி, "கோழி அடை வைக்க ஆகும்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். அவள் குரலில் வடக்குக் கொல்லை பிழைத்த நிம்மதி இருந்தது.

"இனி ஊரு நம்ம வீட்ட என்னன்னு சொல்லும்?" என்றார் சந்தனராஜ், மகளுக்கு மட்டும் கேட்கும்படி.

"ரேடியோ வீடுன்னுதான் சொல்லும்ப்பா. சிரிச்சுக்கிட்டே சொல்லும். சொல்லிட்டுப் போகுது."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

அமலராணி பழத்தைக் கழுவி, வெண்கலத் தட்டில் குவித்து, கூடத்துக்குக் கொண்டுபோய் ஆரோக்கியமுத்துவின் முன்னால் பெஞ்சில் வைத்தாள்.

"எடுத்துக்கங்க மாமா. நீங்க கேட்ட ரேடியோ."

ஆரோக்கியமுத்துவின் மீசை துடித்தது. "சந்தனராஜ் மக எனக்குப் பேரீச்சம்பழம் குடுக்குறாளா!" என்று எழுந்தார். பெஞ்சு பின்னால் சாய்ந்தது. "வண்டியப் பூட்டுங்கடா! இந்தக் கல்யாணம்..."

"வார்த்தைய விட்டுறாதீங்க" என்றாள் சவரியம்மாள்.

அவர் திகைத்துத் திரும்பினார்.

"மூணு ஓலையும் வாசிச்சாச்சு. விக்கினம் ஒண்ணும் இல்லைன்னு சாமியாரும் சொல்லிட்டாரு. கட்டிக்கப் போறவன் என் மகன். அவனக் கேக்காம நீங்க முறிக்க முடியாது."

ஆரோக்கியமுத்து உருமாலையைத் தலையில் அறைந்தாற்போல் வைத்துக்கொண்டு வெளியே போனார். அவர் வண்டிக்காரனைத் திட்டுகிற சத்தம் கேட்டது.

இவ்வளவு நேரம் தைரியமாக நின்ற அமலராணிக்கு இப்போதுதான் பயம் வந்தது. ரேடியோ போனதில் அவளுக்கு ஒரு இழப்பும் இல்லை. கூடவே அவனும் போய்விட்டால்? ஆனாலும் செய்ததை மறுபடி செய்யச் சொன்னால் செய்வாள். அதில் அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

சவரியம்மாள் தட்டுக்கு அருகில் வந்தாள். ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நிதானமாக மென்றாள். பிறகு இரண்டு கையாலும் பழத்தை அள்ளி முந்தானையில் வைத்து முடிச்சுப் போட்டாள்.

"அவன் ராத்திரி கடைசி பஸ் விட்டுத்தான் வீட்டுக்கு வருவான். இவரு முந்திக்கிட்டுக் கத்துறதுக்குள்ள நான் இதக் கையில குடுத்து, இதுதான்டா ஒன் பொண்டாட்டி அனுப்புன ரேடியோன்னு நடந்ததச் சொல்லப் போறேன். அவன் என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாதும்மா. சும்மா நம்பிக்கை குடுக்க மாட்டேன். அவனும் இந்த மனுசனுக்குப் பொறந்தவன்தான். திங்கிறானா துப்புறானான்னு பாப்போம்."

முடிச்சை இடுப்பில் செருகிக்கொண்டு அந்த அம்மாள் படி இறங்கினாள். வண்டி மாடு பூட்டி நின்றது.

"அத்தை!" என்று கூப்பிட்டாள் அமலராணி. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. முகத்தைத் துடைக்காமலே வாசலுக்கு வந்து நின்றாள்.

"துப்புனா கொட்டைய மட்டும் துப்பச் சொல்லுங்க!"